ஏழாம் கூண்டுக்குப் பெயரில்லை

மார்ச் 4, செவ்வாய்

இந்த முறை நாய்கள். போன மாதம் தண்ணீர்க் குழாய் எங்கே உடையும் என்று சொல்லும் கம்ப்யூட்டர் மாடல். அதற்கு முந்தின மாதம் யார் போன் கம்பெனியை மாற்றுவார்கள் என்று சொல்லும் மாடல். மாடல் செய்கிறவர்கள் மேல் மாடியில் இருக்கிறார்கள். நான் கீழே உட்கார்ந்து அதற்கு மார்க் போடுகிறவள். மாமியார் உத்தியோகம் என்பார் மேலாளர். குற்றம் கண்டுபிடித்தால்தான் சம்பளம்.

ஒரு நாய்க் காப்பகம் கேட்டிருக்கிறது. வந்து சேருகிற நாய்களில் எது ஒரு மாதத்துக்குள் யார் வீட்டுக்காவது போகும், எது போகாது என்று முன்கூட்டியே தெரிய வேண்டுமாம். இடம் பத்தவில்லை. போகாது என்று தெரிகிறவற்றை மாதக் கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு கொட்டகைக்கு அனுப்பிவிடுவார்களாம். அந்தக் கொட்டகைக்கு நாய் பார்க்க யாரும் வருவதில்லை. ஆக, போகாது என்று நாங்கள் சொல்லிவிட்டால் போகவே போகாது.

காலையில் அம்மா டீயைக் கொடுத்துக்கொண்டே, "சின்னவ முடிய வெட்டிட்டான்னு தோணுது. கட்டையா" என்றாள். கனவாம். நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. தங்கை எங்கள் இருவரிடமும் பேசி ஒன்றரை வருஷம் ஆகிறது. போன் நம்பரையும் மாற்றிவிட்டாள். அம்மாவுக்குக் கனவிலாவது வருகிறாள். என் கனவில் இன்னும் தண்ணீர்க் குழாய்தான் வருகிறது.

மார்ச் 6, வியாழன்

நாய் மாடலுக்கு முதல் மார்க் வந்துவிட்டது. அக்யூரசி, அதாவது நூற்றுக்கு எத்தனை சரி என்பது, தொண்ணூற்றெட்டு. மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. நான் வழக்கம்போல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

காரணம் இருக்கிறது. நூறு நாய் வந்தால் பத்துதான் ஒரு மாதத்துக்குள் வீடு போகிறது. கண்ணை மூடிக்கொண்டு எல்லா நாயையும் பார்த்து "போகாது, போகாது" என்று கிளிப்பிள்ளை மாதிரி சொன்னாலே தொண்ணூறு மார்க் வந்துவிடும். அதனால் நான் எப்போதும் கேட்பது வேறு. நிஜமாகவே வீடு போன அந்தப் பத்தில் எத்தனையை இது முன்பே கண்டுபிடித்தது? ரீகால் என்பார்கள். கிளிப்பிள்ளைக்கு அதில் சைபர்.

இந்த மாடலுக்குப் பத்துக்கு ஒன்பது. அட!

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் யோசித்தேன். நானும் கிளிப்பிள்ளைதான். தினமும் எழுந்ததும் "இன்னைக்கு அவ பேச மாட்டா" என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். ஒரு நாள்கூடத் தப்பியதில்லை. இப்படி ஒரு அக்யூரசியை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

மார்ச் 9, ஞாயிறு

பெரியம்மா மகன் வந்திருந்தான். தங்கை இருக்கும் ஊரில்தான் அவனுக்கு வேலை. வந்ததும் வராததுமாக, "சின்னக்காவ பஸ்ல பார்த்தேன். முடிய ஒட்ட வெட்டியிருக்காங்க, ஆளே தெரியல" என்றான். நம்பர் கேட்டியா என்றேன். கேட்டானாம். சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டாளாம்.

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "நான்தான் சொன்னேனே" என்றாள். அலட்டிக்கொள்ளவே இல்லை.

இது முதல் தடவை இல்லை. அவளுக்குப் பல் வலி என்று தோணியது, சரியாக இருந்தது. வேலை மாறிவிட்டாள் என்று தோணியது; அதுவும் சரி. சரிபார்த்துச் சொல்வது எப்போதும் இவன்தான். பெத்த வயிறு என்று நானும் நம்பிவிட்டேன். எனக்கு ஏன் ஒன்றும் தோண மாட்டேன் என்கிறது? நானும் அவளும் ஒரே அறையில் பதினெட்டு வருஷம் படுத்திருக்கிறோம்.

அவன் போன பிறகு சோபாவில் இரண்டு பேர் இடத்தையும் நானே அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ரிமோட் என் கையிலேயே இருந்தது, யாரும் பிடுங்கவில்லை. தன் கல்யாணத்துக்கு முன் அவள்தானே என்னைக் கேட்டாள்? மொட்டை மாடியில் ஈரத்துணி காயப் போட்டுக்கொண்டு, "உண்மையைச் சொல்லுக்கா. இது நிக்குமா?" நிக்காது என்றேன். ஏன் என்றும் வரிசையாகச் சொன்னேன். ஒரு துண்டை என் மேல் எறிந்துவிட்டுச் சிரித்தாள். கட்டிக்கொண்டாள். நான் சொன்ன அதே காரணங்களால் முறிந்தது. முறிந்த அன்று ஒரே ஒரு மெசேஜ் அனுப்பினாள். "உனக்கு நூத்துக்கு நூறு." அவ்வளவுதான். அப்புறம் பேச்சே இல்லை.

சரியாகச் சொன்னதற்கு மார்க் போட எனக்குத் தெரியும். சரியாகச் சொன்னதால் என் கையை விட்டுப் போனதற்கு எந்த மார்க் போடுவது?

மார்ச் 12, புதன்

கிளிப்பிள்ளை சொன்னது இன்றும் சரி.

மார்ச் 13, வியாழன்

காப்பகத்துக்கு நேரில் போனேன். போக வேண்டிய அவசியமில்லை, டேட்டா போதும். ஆனால் முகத்தைப் பார்க்காமல் மார்க் போடுவது எனக்குப் பிடிக்காது.

கிருமிநாசினி நாற்றம், ஈரச் சிமெண்டுத் தரை, இரண்டு பக்கமும் கம்பிக் கூண்டுகள். ஒன்று குரைத்தால் மற்றதெல்லாம் பின்பாட்டு. காப்பகக்காரம்மா குரல் அவற்றைவிட ஓங்கியது. "இது போயிடும் மேடம், பாருங்க, ஆளை மயக்கிடும்" என்று ஒவ்வொன்றையும் காட்டினார். எல்லாமே போய்விடும் என்பதுதான் அவருடைய மாடல். ரீகால் நூறு, மற்றதைக் கேட்கவே கூடாது.

ஏழாம் கூண்டில் இருந்தது மட்டும் கம்பிப் பக்கமே வரவில்லை. வெள்ளை நாய். இரண்டு கண்ணைச் சுற்றியும் கறுப்பு வட்டம், பெரிய மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி. சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, தலையை மட்டும் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும் என்கிற பார்வை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாம் வகுப்பிலிருந்தே நான் தடித்த கண்ணாடி. பள்ளிக்கூடத்தில் சோடாபுட்டி என்று கூப்பிட்டவனை எல்லாம் அடித்திருக்கிறேன். அடி வாங்காமல் கூப்பிட்டது ஒரே ஒருத்தி, வீட்டுக்குள்.

"இதோட பேர் என்னங்க?"

"அதுக்குப் பேர் இல்ல மேடம்."

மாடலிடம் ஏழாம் கூண்டைப் பற்றிக் கேட்டேன். போகாது என்றது. சந்தேகத்துக்கே இடமில்லாமல்.

மார்ச் 18, செவ்வாய்

பத்துக்கு ஒன்பது என்னைப் போட்டுக் குடைந்துகொண்டே இருந்தது. நாய்க்கு வீடு கிடைப்பது என்ன குழாய் உடைகிற மாதிரியா? யாரோ ஒருவர் மனசு அன்றைக்கு எப்படி இருந்தது என்பதைப் பொறுத்தது. இதில் எப்படி இவ்வளவு நல்ல மார்க் வரும்? என் தொழிலில் மார்க் குறைந்தால் வருத்தப்படுவோம், மார்க் எகிறினால் பயப்படுவோம்.

மாடல் எதைப் பார்த்துச் சொல்கிறது என்று ஒவ்வொன்றாகக் கிண்டினேன். வயசைப் பார்க்கவில்லை. நிறத்தைப் பார்க்கவில்லை. உடம்பில் காயம் உண்டா என்றுகூடப் பார்க்கவில்லை. "பெயர்" என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. எழுதியிருந்தால் போகும். காலியாக இருந்தால் போகாது.

காப்பகக்காரம்மாவுக்குப் போன் போட்டேன். சில நாய்க்கு ஏன் பெயர் இல்லை?

"நாங்களா வைக்க மாட்டோம் மேடம். யாராவது வந்து, பிடிச்சிருக்கு, வீட்ல கேட்டுட்டு வரேன்னு சொல்லுவாங்கல்ல? சும்மா விட மாட்டேன். ஒரு பேர் சொல்லிட்டுப் போங்கன்னு நிறுத்தி வச்சுக் கேப்பேன். பேர் வச்சிட்டா அப்புறம் விட்டுட்டுப் போக மனசு வருமா?"

அதானே! யாரோ ஒருவருக்குப் பிடித்துப்போன பிறகுதான் அந்தக் கட்டமே நிரம்புகிறது. கேள்வித்தாளிலேயே விடையை அச்சடித்துக் கொடுத்துவிட்டு, பையன் என்னமாய் எழுதுகிறான் என்று வியந்திருக்கிறோம். விடை கசிந்த பரீட்சை. நாளைக்கு ஒரு புது நாய் வந்து நிற்கும்போது அதற்குப் பெயரே இருக்காது. எல்லாப் புது நாயும் கொட்டகைக்குத்தான்.

மார்ச் 19, புதன்

பெயர்க் கட்டத்தை நீக்கிவிட்டு மறுபடி பரீட்சை வைத்தேன். அக்யூரசி தொண்ணூற்றொன்று. கிளிப்பிள்ளையைவிட ஒரே ஒரு மார்க் கூட. ரீகால் பத்துக்கு மூன்று.

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தொண்ணூத்தெட்டுன்னு அவங்ககிட்ட சொல்லிட்டேனேம்மா. உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?"

"உள்ளதைச் சொன்னேன் சார்."

சொல்லிவிட்டேன். உள்ளதைச் சொல்லி நான் வாங்கிக் கட்டிக்கொண்டது ஏற்கனவே போதாதா?

மார்ச் 23, ஞாயிறு

வரிசையாக எழுதுகிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் அம்மா, "சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சுன்னு தோணுது" என்றாள். நல்லவேளை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாய் அப்படியே நின்றது. காய்ச்சல் வந்ததாக அம்மாவுக்குத் தோணவே இல்லையே? வராத காய்ச்சல் எப்படி விடும்?

"காய்ச்சல் எப்பம்மா வந்துச்சு?"

அம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே, "தோணுச்சு, உன்கிட்ட சொல்ல மறந்துட்டேன்" என்றாள். காது சிவந்துவிட்டது.

முடி, பல், வேலை, காய்ச்சல். ஒன்றுகூடத் தப்பாத தோணல். நாய் மாடலின் பத்துக்கு ஒன்பதைச் சந்தேகப்பட்டவள், சொந்த அம்மாவின் நூற்றுக்கு நூறை வாயைப் பிளந்துகொண்டு பார்த்திருக்கிறேன். ஞாயிறு சாயங்காலம் ஆனால் அம்மா ஒரு துணியைக் கையில் எடுத்துக்கொண்டு கீழ் வீட்டுத் தையல்காரம்மாவிடம் போகிறாள். ஒரு பொத்தான் வைக்க ஒரு மணி நேரம். அதே துணி, அதே பொத்தான், வாரா வாரம். கீழ் வீட்டம்மாவிடம் போன் இருக்கிறது. அதற்கு அப்புறம்தான் அம்மாவுக்குக் கனவு வருகிறது.

அப்போ பேசுறா. அம்மாகிட்ட பேசுறா. முடி வெட்டினது, பல்லு வலிச்சது, எல்லாம் சொல்றா. என்கிட்ட மட்டும்தான்... எனக்குத் தெரியக்கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து... நான் என்ன அவ்வளவு அந்நியமாப் போயிட்டேனா? ஒரு வார்த்தை சொன்னேன். அவ கேட்டாளேன்னு சொன்னேன்.

மார்ச் 24, திங்கள்

அம்மாவிடம் கேட்கவில்லை. கேட்டுவிடலாம், ஒரு வார்த்தை போதும். கசிவைக் கண்டால் அடைப்பதுதான் என் பிழைப்பு. ஆனால் இதை அடைத்தால் என்ன மிஞ்சும்? அம்மாவுக்கு அழுகை வரும், தங்கை அந்த நம்பரையும் மாற்றிவிடுவாள். எனக்கு முடி வெட்டிய சேதிகூட வராது.

கோபம் முழுசாகப் போகவில்லை. காலையில் டீயை வேண்டுமென்றே குடிக்காமல் வைத்தேன். அம்மா அதை எடுத்துத் தானே குடித்துவிட்டாள்.

மார்ச் 26, புதன்

இன்றைக்கு ஒன்று உறைத்தது. குழாயில் தண்ணீர் ஒரு பக்கமாகத்தான் ஒழுக வேண்டும் என்று என்ன சட்டம்?

துணி மடிக்கும்போது அம்மாவிடம் ஏழாம் கூண்டைப் பற்றிச் சொன்னேன். வெள்ளை நாய், கறுப்புக் கண்ணாடி, சுவரைப் பார்த்து உட்காருவது, பெயர் வைக்கிற வழக்கம், எல்லாம். காப்பகம் எந்தத் தெரு, எந்த பஸ் என்பது வரை சொன்னேன். வீட்டில் ஆபீஸ் கதையே பேசாதவள் நான். அம்மா ஒரே தலையணை உறையை நாலு தடவை மடித்தாள்.

"யாரும் வரலைன்னா?"

"கொட்டகைக்கு அனுப்பிடுவாங்க."

"பாவம்டி."

மார்ச் 30, ஞாயிறு

அம்மா துணியும் கையுமாகக் கிளம்பும் நேரம் பார்த்து நடையில் போய் நின்றேன். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டு சொன்னேன். நிமிர்ந்து சொல்லியிருந்தால் குரல் உடைந்திருக்கும்.

"எனக்கு எல்லாத்துலயும் சரியாச் சொல்லணும்னு வெறிம்மா. வாழ்க்கையில ஒரே ஒரு தடவைதான் நான் சொன்னது தப்பாப் போகணும்னு ஆசைப்பட்டேன். கல்யாணத்தன்னைக்குக்கூட அதைத்தான் வேண்டிட்டு நின்னேன்."

அம்மா துணியை மறந்துவிட்டு வெறும் கையோடு கீழே போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆனது. கண் வீங்கியிருந்தது. என் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

மார்ச் 31, திங்கள்

காலையில் என் பக்கம் திரும்பாமல், அடுப்போடு பேசுகிற மாதிரி அம்மா சொன்னது, அப்படியே: "அவளுக்கு உன்மேல கோவம் இல்லைன்னு தோணுது. நீ அவ்வளவு சொல்லியும் போய் விழுந்தோமேன்னு வெக்கம். உன் மூஞ்சியில முழிச்சா நீ ஒண்ணும் சொல்லமாட்டியாம். அந்த ஒண்ணும் சொல்லாததுதான் தாங்காதாம்... அப்படின்னு தோணுது."

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆபீசுக்குத் தாமதம்.

ஏப்ரல் 3, வியாழன்

காப்பகத்தாரோடு கூட்டம். தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது, ஏன் அது செல்லாது என்று நானே விளக்கினேன். காப்பகக்காரம்மா எழுந்துவிட்டார். "அப்போ நான் பேர் கேட்டதுதான் தப்பா?" இல்லவே இல்லை, அதை விட்டுவிடாதீர்கள் என்றேன். பெயரைப் பார்க்கத் தெரியாத மாதிரி மாடலைத் திருத்துவது எங்கள் வேலை. அதுவரை ஒரு நாயையும் இடம் மாற்றக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். ஒத்துக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் மேலாளர், "ஒரு நல்ல காரியம் பண்ணினீங்க. என்ன, கொஞ்சம் சிரிச்ச முகமா சொல்லியிருக்கலாம்" என்றார்.

ஏழாம் கூண்டு கொட்டகைக்குப் போகவில்லை. இப்போதைக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்மாவுக்கு இன்று தோணியது: சின்னவளுக்கு அந்த வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு துணை இருந்தால் தேவலை.

"எனக்கும் அப்படித்தாம்மா தோணுது" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். தெரிந்துகொண்டாளோ? தெரிந்தாலும் சொல்ல மாட்டாள். நானும்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

காப்பகத்து டேட்டா தினமும் சாயங்காலம் புதுசாக வரும். ஏழாம் கூண்டு, பெயர்: காலி.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலி.

அவள் இருக்கும் ஊரிலிருந்து பஸ்ஸில் அரை நாள். யார் ஒரு நாய்க்காக வருவார்கள்? வரமாட்டாள். இதைச் சொல்வது நானா, கிளிப்பிள்ளையா?

ஏப்ரல் 17, வியாழன்

திருத்திய மாடல் வந்தது. பத்துக்கு ஐந்து கண்டுபிடிக்கிறது. நேர்மையான ஐந்து. ஏழாம் கூண்டுக்கு என்ன சொல்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. போகாது என்கிறது.

வீடு போகிற நாய்களில் பாதியைத் தவறவிடுகிற மாடல் ஏழாம் கூண்டையும் தவறவிட்டிருக்கட்டும் என்று திரையைப் பார்த்துக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டில் இருப்பவள் தலைவலியா என்று கேட்டாள். அவள் கழுத்தைச் சாய்த்துக் கேட்ட விதம் தங்கை மாதிரியே இருந்தது. இப்போதெல்லாம் எல்லாரும் அவள் மாதிரி இருக்கிறார்கள்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஏழாம் கூண்டு. பெயர்: சோடாபுட்டி.

முதலில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மறுபடி பார்த்தேன். அதேதான்.

உடனே என் புத்தி வேலையைக் காட்டியது. அந்த நாயின் முகத்துக்கு யார் வேண்டுமானாலும் வைக்கக்கூடிய பெயர்தானே? பத்துப் பேரைக் கேட்டால் நாலு பேர் இதைச் சொல்வார்கள். ஒரு சொல்லை வைத்து முடிவுக்கு வரலாமா? இன்னும் ஒரு ஆதாரமாவது வேண்டும். காப்பகக்காரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஆமா மேடம், ஒரு பொண்ணு வந்துச்சு. ரொம்ப நேரம் கூண்டு முன்னாடி தரையிலயே உக்காந்திருந்துச்சு. அந்த நாய் எந்திரிச்சு வந்துடுச்சு மேடம்! பேர் கேட்டதும் யோசிக்கவே இல்ல, பட்டுனு சொல்லிட்டு அழுதுடுச்சு. சனிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போறேன்னுச்சு."

"முடி எப்படி இருந்துச்சு?"

"முடியா? ஒட்ட வெட்டியிருந்துச்சு, பையன் மாதிரி. ஏன் மேடம்?"

ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல. வந்துட்டா. இந்த ஊருக்கு வந்துட்டா.

ஏப்ரல் 25, வெள்ளி

அம்மா கேட்காமலே சொன்னாள்: "நாளைக்குக் காலையில நீ அந்தக் காப்பகத்துப் பக்கம் போவேன்னு தோணுது."

"நீயும் வருவேன்னு எனக்குத் தோணுது" என்றேன்.

நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்துவிட்டேன். என்ன பேசுவது என்று ஒன்றும் தயார் செய்யவில்லை. ஒன்றும் சொல்லாமல் மட்டும் நிற்கக் கூடாது.

மே 11, ஞாயிறு

சாயங்காலம் நடக்கக் கிளம்பும்போது வானம் கறுத்திருந்தது. குடை எடுக்கலாமா என்று கேட்டேன். "மழை வராதுன்னு தோணுது" என்று அம்மா அடித்துச் சொன்னாள். தெருக்கோடி திரும்புவதற்குள் பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு இடமில்லை. மூன்று பேரும் தொப்பலாக நனைந்தோம், நாயையும் சேர்த்தால் நாலு பேர்.

போன வாரம் அம்மாவுக்குக் கரண்ட் போகாது என்று தோணியது, போனது. பெரியம்மா மகன் வருவான் என்று தோணியது, வரவில்லை. இப்போதெல்லாம் அம்மாவின் தோணல் ஒன்றுகூடப் பலிப்பதில்லை. கீழ் வீட்டம்மா பொத்தான் தைக்க ஆளே வரவில்லையே என்கிறார்.

துவட்ட ஒரே துண்டுதான் காய்ந்திருந்தது. அதை என் தலையில் எறிந்துவிட்டு, "சோடாபுட்டி, இங்க வா" என்று அவள் கூப்பிட்டாள். நானும் நாயும் ஒன்றாகத் திரும்பினோம்.